குழாயில் குடியேறும் சிப்பியும் குளோரின் என்னும் மருந்தும்

1989 டிசம்பரில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் மன்ரோ நகரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. ஏரி நிரம்பத்தான் இருந்தது. ஏரிக்குள் நீண்டு கிடந்த நீரெடுப்புக் குழாயை, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு சிப்பி கூட்டங்கூட்டமாக ஒட்டிக் குறுக்கிவிட்டிருந்தது. குளிர்காலத் தண்ணீரில் உண்டாகும் ஊசிப்பனி எஞ்சிய வழியையும் அடைத்தது. அந்த ஊர் மின் நிலையத்தின் நீரெடுப்புப் பகுதியில் அதே ஆண்டில் சதுர மீட்டருக்கு 7,00,000 சிப்பிகள் வரை இருந்ததாகக் கணக்கிட்டார்கள். கருங்கடல், காஸ்பியன் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இந்த வரிக்குதிரைச் சிப்பி வட அமெரிக்காவில், செயின்ட் கிளேர் ஏரியில், முதன்முதலாகக் கண்ணில் பட்டது 1988 ஜூனில்தான். கப்பல்கள் சமநிலைக்காகச் சுமக்கும் பலாஸ்ட் நீரில் வந்து சேர்ந்து, அடுத்த ஆண்டே ஒரு நகரத்தின் தண்ணீரை நிறுத்திவிட்டது.

அதற்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகளில் இதைக் கட்டுப்படுத்தப் பலவற்றை முயன்று பார்த்துவிட்டார்கள். குளோரின், பெர்மாங்கனேட், செம்பு, வெந்நீர், புற ஊதா விளக்கு, நுண் வடிகட்டி, வழுக்குப் பூச்சு, ஒரு பாக்டீரியா. இவற்றை ஒப்பிடும் பெரும்பாலான அறிக்கைகள் எந்த முறை எத்தனை விழுக்காடு சிப்பியைக் கொல்கிறது என்ற பட்டியலோடு முடிந்துவிடுகின்றன. அந்தப் பட்டியலை வைத்து ஓர் ஆலை முடிவெடுத்தால் தவறான முடிவுக்கே போகும் என்பது என் கட்சி. சிப்பி மருந்தை உணர்ந்து மூடிக்கொள்கிறதா? செத்த ஓடு எங்கே போகிறது? மருந்து கலந்த நீர் ஆலையை விட்டு வெளியேறிய பிறகு என்ன செய்கிறது? கொலைக் கணக்கை இந்த மூன்றுக்கும் பின்னால்தான் வைக்க வேண்டும்.

முதலில் உயிரினத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரு பெண் சிப்பி ஆண்டுக்குப் பத்து லட்சம் முட்டை வரை தண்ணீரில் விடும். பொரிந்து வரும் லார்வா ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குப்பையைத் தடுக்கும் எந்தக் கம்பிச் சல்லடையும் அதற்கு ஒரு பொருட்டில்லை. சில வாரங்கள் ஓட்டத்தோடு மிதந்து திரியும். பிறகு கால் போன்ற ஓர் உறுப்பு முளைக்கும். அதைக்கொண்டு கிடைத்த பரப்பைத் தடவிப் பார்க்கும். இடம் ஒத்துவந்தால் ஒட்டும் தன்மையுள்ள புரத நூல்களைச் சுரந்து தன்னைக் கட்டிக்கொள்ளும். இரும்பு, கான்கிரீட், பிளாஸ்டிக், முன்னால் வந்து ஒட்டிய சிப்பியின் முதுகு எல்லாம் அதற்கு ஒன்றுதான். அடுக்கடுக்காக வளர்வது இப்படித்தான். வளர்ந்த சிப்பிக்கு இன்னொரு தற்காப்பும் உண்டு. நீரில் உறுத்தும் பொருள் எதுவும் கலந்தால் இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொண்டு, சுவாசத்தையும் உணவையும் குறைத்து, நாள்கணக்கில், சில நேரம் இரண்டு வாரம் வரைகூட, அப்படியே கிடக்கும்.

குளோரினின் வழக்கை இந்த மூடிய ஓட்டிலிருந்தே தொடங்க வேண்டும். குளோரின் மலிவு. எங்கும் கிடைக்கும். குடிநீர் நிலையங்களில் அதைக் கையாளத் தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். நீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். விளக்கைப் போலவோ வடிகட்டியைப் போலவோ ஓரிடத்தில் நின்று வேலை செய்வதில்லை. லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவில் எச்சம் தொடர்ந்து நின்றால், வெதுவெதுப்பான நீரில் வளர்ந்த சிப்பிகளும் சில வாரங்களில் செத்துவிடும். லார்வா ஒட்டாமல் தடுக்க அதைவிடக் குறைந்த அளவே போதும். இவை எல்லாவற்றையும் ஒருசேரத் தரும் மாற்று இன்னும் வரவில்லை.

ஆனால் மேலே சொன்னதில் 'தொடர்ந்து' என்பதுதான் உயிர்நாடி. தினமும் இரண்டு மணி நேரம் மட்டும் குளோரின் விட்டால் சிப்பி அந்த இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொள்ளும். மீதி இருபத்திரண்டு மணி நேரம் தின்று வளரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1982-இல் மின் நிலையங்களுக்கு விதித்த வரம்போ, ஒருமுறை ஓடி வெளியேறும் குளிர்விப்பு நீரில் குளோரின் எச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஓர் அலகிலிருந்து நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதை வெளியேற்றக் கூடாது என்கிறது. பாசியையும் பாக்டீரியாப் படலத்தையும் மனத்தில் வைத்து எழுதிய விதி அது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் போதும். சிப்பி போன்ற பெரிய உயிர்களைக் கட்டுப்படுத்தக் கூடுதல் நேரம் தேவை என்று நிலையம் நிரூபித்தால் விலக்குக் கேட்கலாம் என்று அதே விதியில் ஒரு வாசல் வைத்திருந்தார்கள். ஆக, இந்தத் தொல்லை 1988-இல் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. 1980-இல் ஆர்கன்சா மாநில அணுமின் நிலையம் ஒன்றில், அவசரக் குளிர்விப்பு அமைப்பின் குழாய்களை ஆசிய மட்டிகள் அடைத்திருந்தது தெரியவந்து, மறு ஆண்டே அமெரிக்க அணுசக்தி ஒழுங்காற்று ஆணையம் எல்லா நிலையங்களுக்கும் எச்சரிக்கைச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்தச் சுற்றறிக்கையைப் பொருட்படுத்தித் தங்கள் குழாய்களை வரைபடத்தில் குறித்துவைத்திருந்தவர்களுக்கு வரிக்குதிரைச் சிப்பி வந்தபோது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஆர்கன்சா நிகழ்வில் இன்றைக்கும் போதிய கவனம் பெறாத பாடம் ஒன்று உண்டு. பெருவேகத்தில் நீர் ஓடும் பிரதானக் குழாயைவிட, எப்போதாவது திறக்கும் துணைக்குழாயில்தான் ஆபத்து அதிகம். தீயணைப்புக் குழாய், மாற்றுப் பம்பின் வழி, அவசரத்துக்கென்று காத்திருக்கும் குளிர்விப்பான் ஆகியவற்றில் நீர் தேங்கி நிற்கும் அல்லது மெல்ல நகரும். லார்வா வந்து ஒட்ட வசதியான இடம் அது. பிரதான ஓட்டத்தில் விட்ட குளோரின் அங்கே போய்ச் சேர்வதற்குள் வீரியம் இழந்துவிடும். ஒரு நிலையத்தில் நாளைக்கு எத்தனை கிலோ குளோரின் செலவாகிறது என்று கேட்பவர்கள், அதில் எத்தனை கிராம் தீயணைப்புக் குழாயின் கடைசி வால்வு வரை போகிறது என்றும் கேட்க வேண்டும். அந்தக் குழாயில் மாதம் ஒருமுறை நீரைத் திறந்து ஓடவிடுவது எந்தப் புதுக் கண்டுபிடிப்புக்கும் குறைந்ததில்லை.

குளோரினின் மறுபக்கம் சிறியதில்லை. நீரிலுள்ள மக்கிய கரிமப் பொருளோடு அது சேர்ந்தால் குளோரோஃபார்ம் முதலிய டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகின்றன என்பதை ராட்டர்டாம் குடிநீரில் ஆய்ந்து யோஹன்னஸ் ரூக் 1974-இல் காட்டினார். கடல்நீரில் புரோமோஃபார்ம் உண்டாகும். குடிநீர் நிலையங்களுக்கு இது நேரடிச் சிக்கல். வடிகட்டித் தெளிந்த நீரில் விடுவதைவிட, கரிமப் பொருள் நிறைந்த பச்சை நீரில், ஏரிக்குள் நிற்கும் குழாய்வாயிலேயே குளோரின் விட்டால் இந்த உபபொருள்கள் கூடும். சிப்பியைத் தடுக்கக் குழாய்வாயில்தான் மருந்து விட வேண்டும். உபபொருளைத் தவிர்க்க அங்கே விடக் கூடாது. அதனால்தான் பல ஏரிக்கரை நகரங்கள் அந்த முனையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கு மாறின. வளர்ந்த சிப்பியைக் கொல்வதில் பெர்மாங்கனேட் மந்தம்தான். லார்வாவை ஒட்டவிடாமல் தடுக்க அது போதும். கொலைப் பட்டியலில் கீழே இருக்கும் ஒரு பொருள் சரியான இடத்தில் சரியான வேலைக்கு உதவியதற்கு இது நல்ல சான்று.

குளோரினைக் குறைக்கும் முயற்சிகளில் எனக்கு மிகவும் மதிப்புள்ளது, நெதர்லாந்தின் கெமா நிறுவனத்தில் உருவான விட்டுவிட்டுச் செலுத்தும் முறை. மூடிக்கொண்ட சிப்பி, மருந்து நின்றதும் உடனே முழுதாகத் திறந்து உண்ணத் தொடங்குவதில்லை. தயங்கித் தயங்கித்தான் திறக்கிறது. அந்தத் தயக்க நேரத்தை அளந்து, அது திறந்து தெளியும் தருணத்தில் அடுத்த துடிப்பை விடுகிறார்கள். சிப்பி ஓய்வும் எடுக்க முடியாமல், உணவும் எடுக்க முடியாமல் தளர்ந்து சாகிறது. ரசாயனச் செலவு பெருமளவு குறைகிறது. முன்பு சிப்பியைக் காத்த பழக்கத்தையே அதற்கு எதிராகத் திருப்பிய அறிவு இது. ஆனால் தயக்க நேரம் இனத்துக்கு இனம், நீரின் வெப்பத்துக்கு வெப்பம் மாறும். ஐரோப்பியக் கடற்கரையில் அளந்த நிமிடங்களை வெப்பக்கடலில் அப்படியே எழுதிக்கொண்டால் பலன் கிடைக்காது.

பாக்டீரியா மருந்தின் கதை வேறு விதம். நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் டேனியல் மல்லாய் குழு நூற்றுக்கணக்கான பாக்டீரியா வகைகளைச் சோதித்து, சூடோமோனாஸ் ஃப்ளூரசென்ஸின் ஒரு ரகம் வரிக்குதிரைச் சிப்பியையும் அதன் நெருங்கிய உறவான குவாகா சிப்பியையும் கொல்வதைக் கண்டது. செத்த பாக்டீரியாவே போதும். சிப்பி அதை உணவென்று எண்ணித் திறந்த வாயோடு உட்கொள்கிறது. செரிமானச் சுரப்பி சிதைந்து சாகிறது. அந்த ஆய்வில் பிறந்த மருந்து பின்னர் ஜெகுவனாக்ஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. என் முதல் கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடை இல்லை. மற்ற பெரும்பாலான உயிர்களுக்குத் தீங்கும் குறைவு. இடறுவது அளவில்தான். லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில் ஆறு மணி நேரம் விடுவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 40 கனமீட்டர் ஏரிநீரை இழுத்து விடும் ஒரு பெரிய அனல் மின் நிலையத்துக்கு அந்த ஆறு மணி நேரத்துக்கு மட்டும் 86 டன் வேண்டும். இரண்டு வாரத்தில் புது லார்வாக்கள் வந்து ஒட்டும்போது மறுபடியும் 86 டன். ஆகவே இது தீயணைப்புக் குழாய், சிறு நீர்மின் நிலையத்தின் குளிர்விப்புச் சுற்று போன்ற சிறிய, மூடிய அமைப்புகளுக்கு உரிய அருமையான மருந்து, பெருவெள்ளத்துக்கு இல்லை. அதே நிலையத்தில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் ஓயாமல் குளோரின் விட்டாலும் நாளுக்கு மூன்றரை டன், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,260 டன் ஆகும். மாற்றின் கணக்கை மட்டும் போட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போடாமல் விட்டால் தராசு ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும்.

ரசாயனமில்லாத முறைகளில் புற ஊதா விளக்குக்கு ஹூவர் அணை நல்ல மேடை. 2007 ஜனவரியில் மீட் நீர்த்தேக்கத்தில் குவாகா சிப்பி காணப்பட்டது. அணைக்குள் குளிர்விப்பு நீர்க்குழாய்களில் பிறகு புற ஊதா அமைப்புகள் வைக்கப்பட்டன. கீழே ஓடும் கொலராடோ நதியில் மருந்து கலக்காது என்பது பெரிய வசதி; கோடிக்கணக்கானோர் குடிக்கும் ஆறு அது. ஆனால் விளக்கு இருக்கும் இடத்தில்தான் விளக்கின் ஆட்சி. அதைத் தாண்டி ஏற்கெனவே ஒட்டியிருக்கும் சிப்பியை அது தொடாது. தெளிந்த நீரில் ஊடுருவும் ஒளி கலங்கிய நீரில் ஊடுருவாது. மீட் நீர்த்தேக்கத்தின் தெளிவு எல்லா ஊருக்கும் வாய்க்காது. சிலிக்கோன் பூச்சு சிப்பியின் பிடியை நழுவவிடுகிறது. மிதந்து வரும் மரக்கட்டை உரசினால் கிழிந்தும் போகிறது. நுண் வடிகட்டி நல்லது, சிறு குழாய்களுக்கு.

வெந்நீருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 40 டிகிரி செல்சியஸ் நீரில் வரிக்குதிரைச் சிப்பி சீக்கிரமே சாகும்; வாயை மூடித் தப்பிக்க வழியில்லை. ஆற்றில் எந்த ரசாயனமும் கலக்காது. நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரில் சூடாகும் நீரைத் திருப்பி நீரெடுப்புப் பக்கம் செலுத்த வழி வைத்துக் கட்டிய சில அனல் நிலையங்கள் இதை வெற்றியோடு செய்கின்றன. அந்த வழி கட்டும்போதே இருக்க வேண்டும்; பிறகு சேர்ப்பது கடினம். அதோடு, ஒரே நாளில் செத்த சிப்பிகள் ஒரே நாளில் உதிரும். விரல்நுனி நீளத்துக்கு வளரவிட்டுக் கொன்றால் அந்த ஓடுகள் கண்டென்சரின் சிறு குழாய்களில் போய்ச் சொருகிக்கொள்ளும். சிப்பி உயிரோடு அடைத்ததைவிட மோசமாகச் செத்தபின் அடைத்துவிடும். ஓடு சிறியதாக இருக்கும்போதே, பருவத்தில் ஓரிரு முறை செய்தால்தான் வெந்நீர் வெல்லும். எல்லாக் கொலை முறைகளுக்கும் இது பொருந்தும். வளரவிட்டுக் கொல்வதென்று திட்டமிடும் ஆலை, ஓடு அள்ளும் வலையையும் ஆளையும் கொட்டும் இடத்தையும் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாத திட்டத்தைப் பாதித் திட்டம் என்றுதான் மதிப்பிட முடியும்.

செலவுக் கணக்கில் ஒரு தெளிவு தேவை. இந்தச் சிப்பிகளால் அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு நூறு கோடி டாலர் இழப்பு என்ற மதிப்பீடு எங்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. குடிநீர், மின் நிலையங்களை நேரடியாகக் கேட்டுத் தொகுத்து 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று, 1989 முதல் 2004 வரை மொத்தச் செலவே ஏறக்குறைய 26 கோடியே 70 லட்சம் டாலர் என்று கண்டது. இரண்டும் அளப்பது ஒன்றல்ல. முதலாவது பரந்த மதிப்பீடு, இரண்டாவது நிலையங்களின் கணக்கேடு. ஆனாலும் இரண்டாவது எண் ஒன்றைச் சொல்கிறது. ஆலைகள் சமாளித்துவிட்டன. சமாளிக்க முடியாமல் போனது ஏரிதான். செயின்ட் கிளேர் ஏரியில் தொன்றுதொட்டு வாழ்ந்த நாட்டு மட்டிகள் மேல் இந்தச் சிப்பிகள் ஒட்டி ஏறி, அவற்றை ஏறக்குறையத் துடைத்தெடுத்துவிட்டன. குழாய் சுத்தமாக இருக்கிறது என்ற அறிக்கையை ஏரி காப்பாற்றப்பட்டதாக வாசிப்பது பெரும் பிழை. என் பார்வையில் இந்தத் துறையின் மிக ஆபத்தான வாசிப்பும் அதுவே.

இனி நம் கரைக்கு வருவோம். இங்கே இதே பிரச்சினை வேறு முகத்தோடு நிற்கிறது. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையம் கடலடியில் 468 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாகக் குளிர்விப்பு நீரை எடுக்கிறது. அங்கே குடியேறிய பச்சைச் சிப்பி அயலான் இல்லை, நம் கடற்கரையின் சொந்தப் பிள்ளை. ஆனால் குழாய்க்கு அந்த வேறுபாடு தெரியாது. கல்பாக்கம் விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாகச் செய்த ஆய்வு உலக அளவில் மதிக்கப்படுவது. நீர் வேகமாக ஓடினால் சிப்பி ஒட்டாது என்று ஏரிக்கரைப் பொறியாளர்கள் நம்பும் விதி, அந்தச் சுரங்கத்தின் வேகமான ஓட்டத்தில் பொய்த்தது. பச்சைச் சிப்பி கூடுதலாக நூல் சுரந்து பிடித்துக்கொள்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். இன்னொரு வேறுபாடும் பெரியது. ஈரி ஏரியில் நீர் சுமார் 12 டிகிரிக்கு மேல் போகும் மாதங்களில்தான் இனப்பெருக்கம். குளிர்காலத்தில் மருந்தை நிறுத்திவிட்டு இலையுதிர்காலக் கடைசியில் ஒரே முறை கொன்றால்கூட ஓர் ஆலை தப்பிக்கும். வங்கக் கடலில் அப்படி ஒரு விடுமுறைக் காலம் கிடையாது. ஏறக்குறைய ஆண்டு முழுவதும் லார்வா வந்துகொண்டே இருக்கும்.

இத்தனையையும் நிறுத்துப் பார்த்து என் தீர்ப்பு இது. பெருவெள்ளமாக நீர் எடுக்கும் வெப்பக்கடல் ஆலைகளில் குளோரினை விலக்க இன்று வழியில்லை. அதை விலக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஆனால் ஆண்டு முழுக்க ஒரே அளவில் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவதற்கு நியாயமும் இல்லை. நீரோட்டத்தில் சோதனைத் தகடுகளைத் தொங்கவிட்டு, வாரா வாரம் எடுத்து, ஒட்டியிருக்கும் குஞ்சுகளை எண்ணி, அந்த எண்ணுக்கு ஏற்ப அளவை ஏற்றி இறக்க வேண்டும். கெமா முறையைத் தன் கடலின் சிப்பியில் அளந்து பார்க்காத ஆலை, தன்னால் குறைக்க முடியாது என்று சொல்ல உரிமை பெறவில்லை. நன்னீர் ஏரிகளின் குடிநீர் நிலையங்களில் குழாய்வாய்க்குப் பெர்மாங்கனேட்டும் உள்ளே குளோரினும் என்ற பங்கீடே சரி. தேங்கும் துணைக்குழாய்களுக்குப் பாக்டீரியா மருந்து விலைக்குத் தகுதியானது. புதிதாகக் கட்டும் நிலையத்தில், ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றதில் நீர் ஓடும் இரட்டைக் குழாயும் வெந்நீர் திரும்பும் வழியும் வரைபடத்திலேயே இல்லையென்றால் அந்த வரைபடத்துக்கு ஒப்புதல் தரக் கூடாது.

ஆலைக்கு வெளியே, திறந்த நீரில், இந்தத் தீர்ப்பு எதுவும் செல்லாது. கரீபியன் கடலைச் சேர்ந்த ஒரு கறுப்பு வரிச் சிப்பி 1967-இல் விசாகப்பட்டினத்தில் பதிவானது, இன்றுவரை போகவில்லை. அதே இனம் 1999-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் படகுத்துறைகளில் தென்பட்டபோது, சில வாரங்களுக்குள் ஒழித்துவிட்டார்கள். அந்தப் படகுத்துறைகளுக்கு மதகுக் கதவுகள் இருந்தன. கதவை அடைத்து உள்ளே குளோரினும் செம்பு உப்பும் கொட்டினார்கள். உள்ளே இருந்த மற்ற உயிர்களும் செத்தன. ஆனாலும் கடற்கரை தப்பியது என்பதால் அந்த முடிவைச் சரி என்றே சொல்வேன்.

எண்ணூர்க் கழிமுகத்துக்கு அப்படிப்பட்ட கதவு கிடையாது. தென் அமெரிக்கக் கரையிலிருந்து வந்த சிப்பியை அங்குள்ள மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். கொசஸ்தலை ஆற்றின் சேற்றை அது பாய் விரித்தாற்போல் மூடுகிறது. இறால் புதையும் இடம் போய்விட்டது என்று அவர்கள் சொன்ன புகார் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. திறந்த கழிமுகத்தில் ரசாயனம் என்ற பேச்சுக்கே இடம் தரக் கூடாது. இறாலும் நண்டும் ஆழியோடு சேர்ந்து சாகும். கையால், எந்திரத்தால் அள்ளி எடுப்பது ஒன்றே மிச்சம். அது ஒருமுறை டெண்டர் விட்டு முடியும் வேலையில்லை. உயிரோடிருக்கும் ஆழியை அள்ளும்போதே முட்டையும் விந்தும் நீரில் கலக்கலாம், உதிர்ந்தவை ஓட்டத்தோடு போய் வேறிடத்தில் ஒட்டலாம். அள்ளிய ஆழியை எங்கே கொட்டினார்கள், அள்ளிய இடத்தில் ஆறு மாதம் கழித்துச் சதுர மீட்டருக்கு எத்தனை ஒட்டியிருக்கின்றன என்ற இரண்டு கணக்கையும், பணம் கொடுக்கும் அரசு ஒப்பந்தத்திலேயே எழுதி, அதன் நகலை எண்ணூர் மீனவர் சங்கங்களிடம் கொடுக்க வேண்டும்.